வரைபடத்தில் ஒரு படி

பூங்கோதையின் வாய் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தது. அவையோருக்கு வணக்கம் சொல்லியாகிவிட்டது. நெறியாளர் பேராசிரியர் அருணகிரிக்கும், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பேராசிரியர் எஸ்தருக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது. கோவைப் பம்புத் தொழிலில் புத்தாக்கமும் வளர்ச்சியும் என்ற தலைப்பைத் திரையில் காட்டி ஒரு தடவை வாசித்தும் ஆகிவிட்டது. அடுக்களையில் குக்கருக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று தாமாக வந்தன. வாய்க்கு மனம் தேவைப்படவில்லை. மனம் மேசைமேல் இருந்த மடிக்கணினிக்குள் புகுந்து, நாலாம் அத்தியாயத்து வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. அந்த வரைபடம் திரைக்கு வரும்வரை இது எல்லாருக்கும் நடக்கிற பொது வாய்மொழித் தேர்வுதான். அவள் பேசுவாள், தேர்வாளர் ஒன்றிரண்டு கேள்வி கேட்பார், பின்னால் இருப்பவர்கள் கேட்பார்கள், அருணகிரி சார் எழுந்து முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்பார், கைதட்டல், பொன்னாடை, போட்டோ, சாப்பாடு. வரைபடம் வந்த பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. காலையில் இட்லி வேகிற நேரத்தில் பழையதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருந்தாள். வைத்தபின் கணினியை மூடிவிட்டு இட்லியை எடுத்தாள், சட்னி தாளித்தாள், மாமியாருக்குச் சேலை மடிப்பு வைத்துவிட்டாள்.   

ஒரு பொருளாதாரத்தின் உற்பத்தி கூடுவதற்கு மூன்று வழி உண்டு என்று வாய் சொன்னது. ஆட்களைக் கூட்டலாம். இயந்திரங்களைக் கூட்டலாம். இரண்டும் கூடின அளவுக்கு மேலாகவும் உற்பத்தி கூடியிருந்தால், அந்த மிச்சத்தை எச்சம் என்கிறோம், புதிய நுட்பங்களும் புதிய முறைகளும் அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. ஒளிந்திருக்கின்றன என்ற இடத்தில் சற்று நிறுத்தும்படி அருணகிரி சார் சொல்லிக்கொடுத்திருந்தார். நிறுத்தினாள். முன்வரிசையில் அவள் கணவன் லோகநாதன் தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் நிறுத்தினால் தலையாட்ட வேண்டும் என்பது புரிந்திருந்தது. புதுச் சட்டை. காலர் அட்டையின் கோடு இன்னும் போகவில்லை. பக்கத்தில் மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்குக் காத்திருப்பவளைப்போல நேராக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தாழ்வாரத்தில் லோகநாதன் போனை நெஞ்சில் அமுக்கிக்கொண்டு ஓடிவந்தான். "கோதை, அந்த மேடம் சைவமா அசைவமா? ஓட்டல்காரன் கேக்கறான்." "எனக்கெப்படீங்க தெரியும்?" "பரீட்சை வெக்க வந்தவங்ககிட்ட இதுகூடக் கேட்டு வெக்கலையா? இத்தன வருசமா என்னதான் ஆராய்ச்சி பண்ணினயோ போ." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்தபோது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஏனுங்க, இன்னிக்குப் பட்டம் கிடைக்காமப் போனாலும் போயிருமுங்க. இந்த ஒரு வாக்கியம்தான். வாய்வரை வந்தது. "ரெண்டுலயும் சொல்லி வெச்சிருங்க" என்றாள். அவன் போய்விட்டான். அவனிடம் சொல்லியிருந்தால் அவன் ஏன் என்று கேட்டிருப்பான். ஏன் என்று கேட்டால் அவள் விளக்கியிருக்க வேண்டும். விளக்க ஆரம்பித்திருந்தால், தாழ்வாரத்திலேயே மனம் மாறியிருக்கும். தன்னைப்பற்றி அவளுக்கு அவ்வளவு தெரியும்.

விளக்குவது அப்படியொன்றும் கடினமில்லை. ஒரு குழந்தையின் உயரத்தைச் சில வருடம் ஒரு நாடாவால் அளக்கிறோம். பிறகு கடையில் வேறு நாடா வாங்கி வந்து அதால் அளக்கிறோம். புது நாடாவின் கோடுகள் நெருக்கமாக இருந்தால் பிள்ளை ஒரே வருடத்தில் திடீரென்று வளர்ந்ததுபோல எண் காட்டும். அதனால் ஒரு தடவை இரண்டு நாடாவாலும் அளந்து, இதில் இவ்வளவு என்றால் அதில் எவ்வளவு என்று ஒரு விகிதம் கண்டுபிடித்து, பழைய எண்களையெல்லாம் அதால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அரசாங்கமும் தன் நாடாவை மாற்றுகிறது. அடிப்படை ஆண்டு என்று பெயர். எந்த ஆண்டின் விலையில் மதிப்புப் போடுவது என்பதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றும்போது இணைப்பு விகிதம் வேண்டும். அவள் பெருக்காமல் விட்டவளல்ல. பெருக்கினாள். ஆனால் மாநிலத்தின் மொத்த உற்பத்திக்கு உண்டான விகிதத்தை எடுத்துப் பம்புத் தொழிலின் எண்களைப் பெருக்கிவிட்டாள். அரிசிக்கும் பஸ் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் சேர்த்துக் கண்டுபிடித்த விகிதம். பம்புக்கு உண்டானது தனியாக, அதே அரசு வெளியீட்டில், சில பக்கம் தள்ளி இருந்தது. அவ்வளவுதான் தப்பு. அவ்வளவுதானா? நாடா மாறிய அந்த ஆண்டில் அவளுடைய வரைபடத்தில் கோடு சட்டென்று ஒரு படி ஏறியது. ஆட்கள் ஏறவில்லை, மூலதனம் ஏறவில்லை, எச்சம் மட்டும் ஏறியது. அதே சமயத்தில்தான் ஊரிலுள்ள சிறிய பட்டறைகளுக்கெல்லாம் கணினியில் ஓடும் கடைசல் இயந்திரங்கள், சி.என்.சி. மிஷின்கள், வந்துகொண்டிருந்தன. இரண்டையும் அருகருகே வைத்தால் யாருக்குத்தான் தோன்றாது. ஆய்வேட்டின் உயிரே அந்தப் படிதான். "பாருங்க, புத்தாக்கம் வந்து கதவத் தட்டின சத்தம் இந்தப் படத்துல கேக்குது" என்று அருணகிரி சார் ஒரு கருத்தரங்கில் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் படியையே நினைத்துக்கொண்டு போனாள். தான் பெற்ற பிள்ளையின் முகத்தை நினைப்பதுபோல.

மூன்றாம் அத்தியாயம். களப்பணி. திரையில் பட்டறைகளின் போட்டோக்கள், எண்ணெய் படிந்த தரை, வரிசையாக நிறுத்திவைத்த பம்பு உறைகள். பட்டறை உரிமையாளர்களை நேரில் கண்டு வினவியபோது பெரும்பான்மையினர் கணினி இயந்திரத்தின் வருகையே திருப்புமுனை என்று உறுதிப்படுத்தினர், என்று வாய் சொல்லிற்று. உறுதிப்படுத்தினர். அவர்கள் எதை உறுதிப்படுத்தினார்கள்? கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்காரர், பழனியப்பன், சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு கத்திப் பேசுவார். "சி.என்.சி. மிஷின் வந்ததுக்கப்புறம் உங்க உற்பத்தி நல்லாக் கூடுச்சுங்களா?" என்று அவள் கேட்டாள். "ஆமாங்க அம்மிணி, கூடாமப் பின்ன? வாங்கறது எதுக்கு, கூடறதுக்குத்தானுங்களே?" அவள் எழுதிக்கொண்டாள். அப்புறம் அவர் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இரும்பு உருக்குகிற ஆள் மாறினதைப்பற்றியோ, பக்கத்துப் பட்டறைக்காரரோடு சேர்ந்து அச்சு வாங்கிக்கொண்டதைப்பற்றியோ. கேள்வித்தாளில் அதற்குக் கட்டமில்லை. டீ குடிங்க அம்மிணி என்றார். குடித்துவிட்டு அடுத்த பட்டறைக்குப் போனாள். அங்கேயும் அதே கேள்வி, அதே ஆமாங்க. கேள்விக்குள் பதிலை வைத்து நீட்டினால் யார்தான் வேண்டாம் என்பார்கள். அந்த வெயிலில், ஸ்கூட்டரை நிழல் பார்த்து நிறுத்தி, துப்பட்டாவைத் தலைக்குச் சுற்றி, ஒவ்வொரு பட்டறைக்கும் போய் அவள் தன் படிக்குக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறாள்.

தப்பு தெரிந்தது வகுப்பில். அவள் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்க்கிற கல்லூரியில், இரண்டாமாண்டு மாணவிகளுக்கு, தேசிய வருமானக் கணக்கு. ஆய்வேட்டை ஒப்படைத்துத் தேர்வாளர்களின் அறிக்கையும் நல்லபடியாக வந்துவிட்டிருந்தது. நிம்மதியாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துறைக்கும் அதனதன் விகிதம், மொத்தத்தின் விகிதத்தை எடுத்துத் தனித்துறைக்குப் போடக் கூடாது, அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்றால், என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையில் ஒரு கோடு போட்டாள், அந்தக் கோடு ஒரு படி ஏறியது. கை அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் மாணவிகள் நோட்டில் வரைந்துகொண்டிருக்கும் சத்தம். ஒருத்தி, "மேம், படி எவ்ளோ உயரம் போடறது?" என்று கேட்டாள். "உங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கோங்க" என்றாள் பூங்கோதை. வகுப்பே சிரித்தது. அவர்கள் கேலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இப்ப எதுக்கு இத எடுத்துட்டு வந்த?" அருணகிரி சாரின் அறை, ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் தாள்களை விரித்துக் காட்டினாள், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "சரிதான்" என்றார். "சரிதாம்மா. நானும் பாத்திருக்கணும்." அப்புறம் தாள்களை அடுக்கி அவள் பக்கமாகத் தள்ளினார். "தேர்வாளருங்க படிச்சாச்சு. ஒருத்தரும் கேக்கல. நீ பட்டம் வாங்கு, பொள்ளாச்சில அந்த வேலைல போய்ச் சேரு. சேந்ததும் ஒரு கட்டுரை எழுது, இந்த மாதிரி விகிதம் மாறிடுச்சுன்னு. அறிவுலகம் அப்படித்தான் திருத்திக்கும். மேடையில நின்னு திருத்த வேண்டியதில்ல." "சரிங்க சார்" என்றாள். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பொள்ளாச்சிக் கல்லூரியில் நிரந்தர இடம். கல்லூரி திறப்பதற்குள் பட்டச் சான்றிதழைக் காட்டினால் அவளுக்கு, இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. ஒவ்வொரு ஜூனிலும் இந்த வருடம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற வாழ்க்கை அதோடு முடியும். பஸ்ஸில் வரும்போது சரி என்றுதான் இருந்தது. வீட்டில் துணி மடிக்கும்போதும் சரி என்றுதான் இருந்தது. நிரந்தர வேலையென்றால் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தை நடத்த வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் அதனதன் விகிதம். கோடு போட வேண்டும். யாராவது ஒருத்தி உயரம் கேட்பாள். ஓய்வு பெறும்வரை கேட்பாள். ஒரு தலையணை உறையை நீவி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்ததை உதறிவிட்டு மறுபடி மடித்தாள். கட்டுரை எழுதலாம்தான். எழுத மாட்டாள். வேலை, பரீட்சைத்தாள், மாமியாருக்குச் சர்க்கரை, எழுத மாட்டாள்.

ஆனால் அது மட்டுமில்லை. அது மட்டும் என்றால் மனசாட்சி என்று பெயர் வைத்து, கொஞ்ச நாள் அழுது, விட்டிருப்பாள். சரியான விகிதத்தைப் போட்டுப் பார்த்தபோது படி போய்விட்டது. போன இடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. கோடு தட்டையாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆகவில்லை. மெல்ல, வருடம் வருடமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அது ஏறிக்கொண்டுதான் இருந்தது. இயந்திரம் வருவதற்கு முன்பும் ஏறியது. வந்த பிறகும் அதே சாய்வில் ஏறியது, இயந்திரம் வந்ததையே அது கவனிக்காததுபோல. எதனால்? ஆட்களால் இல்லை, மூலதனத்தால் இல்லை. யாரோ ஏதோ செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். கதவைத் தட்டாமல், அரவம் இல்லாமல். அது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒன்று தெரியவில்லை என்று தெரிந்தது. பயமாக இருந்தது. பயத்தோடு பசிபோல ஒன்றும் இருந்தது. அதை எடுத்துக் கட்டுரைக்கு அடியில் குறிப்பாகப் போட அவளால் முடியாது. அவள் அதைக் கண்டுபிடிக்கப் போகிறாள். கண்டுபிடிப்பதற்கு, முதலில் இந்தப் படி இல்லை என்று இதை நம்பியவர்கள் எதிரில் சொல்லியாக வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று ஒரு வாரமாகத் தேடியும் கிடைக்கவில்லை.

பின்வரிசையில் முபாரக் எதையோ உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் ஆய்வு மாணவன், அவளுக்கு அப்புறம் சேர்ந்தவன். வாய்மொழித் தேர்வில் அவையிலிருந்து யாரும் எதுவும் கேட்காவிட்டால் களை இருக்காது என்பதால், துறையில் எல்லாரும் செய்கிறபடி அவளும் சிநேகிதர்களுக்குக் கேள்விகளைப் பிரித்துக்கொடுத்திருந்தாள். "அக்கா, எனக்குக் குடுத்தது ரொம்ப நீளம். பாதியில மறந்துட்டா?" "மறந்துட்டா பாதியோட நிறுத்திரு, நான் மீதியையும் சேத்துப் பதில் சொல்லிக்கறேன்." "அப்ப கேள்வியே கேக்காம எந்திரிச்சு நின்னாப் போதும்போல?" "உன்னோட வைவாவுக்கு நான் வந்து அப்படித்தான் நிக்கப்போறேன், பாரு." அவனுடைய கேள்வி, இந்தத் திடீர் வளர்ச்சிக்கான கொள்கைப் பரிந்துரைகள் யாவை என்பது. பாவம், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனுடைய கேள்வியிலிருந்து திடீர் என்ற சொல் போய்விடும். அவன் எழுந்து நிற்காமல் இருந்தால் நல்லது. சிரிப்பு வந்தது, வாய் அப்போது பட்டறைகளைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்கிக்கொண்டிருந்ததால் சிரிப்பு எங்கேயும் போக வழியில்லாமல் தொண்டைக்குள் தங்கிற்று. தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடும்போது அருணகிரி சார் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் இருக்கிறது, நிதானமாகப் போ என்பதுபோலக் கையைத் தாழ்த்திக் காட்டினார். அவர் காலடியில் பொன்னாடை இருக்கும் துணிக்கடைப் பை. அவரும் இந்த வருடத்தோடு ஓய்வு. அவருடைய கடைசி மாணவி இவள். அதை நினைக்கக் கூடாது. நினைத்தால் விரல் வேறு பக்கம் போகும். அடுத்தது அந்த வரைபடம்தான். நேரமின்மை கருதி அடுத்ததைத் தாண்டுகிறேன் என்று சொல்ல முடியும். எல்லாரும் சொல்வதுதான். இரண்டு தடவை பொத்தானை அமுக்கினால் முடிவுரைக்குப் போய்விடலாம். விரலுக்கு அடியில் பொத்தான் ஈரமாக இருந்தது. எவ்வளவு எளிது. எஸ்தர் மேடம் ஆய்வேட்டைத் திறந்து மடியில் வைத்திருந்தார், ஓரங்களில் மஞ்சள் சீட்டுகள், எந்தப் பக்கங்களில் என்று இங்கிருந்து தெரியவில்லை. லோகநாதன் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினான். தாண்டினால் மாலையில் வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவளும் சிரிப்பாள். அது பொய்ச் சிரிப்பாகக்கூட இருக்காது, அதுதான் மோசம். அமுக்கினாள். ஒரே தடவை.

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று படியேறுவது, மங்கலான சாம்பல் நிறம். இன்னொன்று சாய்வாகப் போவது, கறுப்பு. மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்து, படத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது.

"இந்தச் சாம்பல் கோடு ஆய்வேட்டில இருக்கறது" என்றாள். எழுத்துத் தமிழ் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. "இது தப்புங்க. கறுப்புக் கோடுதான் சரி."

மின்விசிறி சுற்றியது. அருணகிரி சார் நாற்காலியின் முனைக்கு வந்தார். "அம்மா பூங்கோதை, ஆய்வேட்டில இருக்கற முடிவ மட்டும் சொன்னாப் போதும். மத்ததப் பின்னால பேசிக்கலாம்."

"அந்த முடிவு இனி இல்லீங்க சார்."

யாரோ நாற்காலியை இழுத்த சத்தம். லோகநாதன் தன் அம்மாவைப் பார்த்தான், அவள் திரையைப் பார்த்தாள். எஸ்தர் மேடம் அவசரமில்லாமல் ஒரு மஞ்சள் சீட்டு இருந்த பக்கத்தைத் திருப்பி, திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"எந்த விகிதத்தால இணைச்சீங்க?"

"மாநில மொத்தத்தோடதால, மேடம்."

"துறைக்கு உள்ளது கெடைக்கலியா?"

இங்கே ஒரு கதவு திறந்திருந்தது. கிடைக்கவில்லை என்று சொல்லலாம். பிந்தி வெளியானது என்று சொல்லலாம். மேடமே நீட்டுகிறார், கேள்விக்குள் பதிலை வைத்து.

"கெடைச்சுதுங்க. அதே வெளியீட்டில இருந்துது. இந்தப் படி வந்ததும் எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க மேடம். அப்புறம் நான் தேடல."

எஸ்தர் மேடம் அவளைப் பார்த்தார். மறுபடி திரையை. "இத வச்சு நான் இன்னைக்குப் பரிந்துரை பண்ண முடியாது. தெரியும்லா? திருத்தி மறுபடி ஒப்படைக்கணும். வருசம் ஆகும்."

"தெரியுங்க."

"பொள்ளாச்சி, பொள்ளாச்சி" என்று அருணகிரி சார் தாழ்ந்த குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், மறந்துபோன ஒன்றை எடுத்துக்கொடுப்பவரைப்போல. அவர் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். மறக்கவில்லை என்று.  லோகநாதனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தாள். அவன் கோபமாக இல்லை. யாரோ அவளை அடிக்கப் போகிறார்கள், எழுந்து போகலாமா கூடாதா என்று நிற்பவனுடைய முகம். வீட்டுக்குப் போய் எல்லாம் சொல்ல வேண்டும், முதலிலிருந்து. கோபம் அதற்கப்புறம் வரும். வரட்டும்.

எஸ்தர் மேடம் பேனாவால் கறுப்புக் கோட்டைக் காட்டினார். "சரி. இது ஏறிட்டே போகுதே. இயந்திரத்தால இல்லன்னா எதனால?"

"தெரியலீங்க மேடம்."

முபாரக் அங்கே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

யாருக்கும் பிரித்துக்கொடுக்காத கேள்வி.  அவள் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். அதன் மறுபக்கத்தில் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே பழனியப்பன் கத்திப் பேசிக்கொண்டிருந்தார், அவள் எழுதிக்கொள்ளாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல" என்றாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "காரணத்த நானே சொல்லிக் கேக்காம, அந்தப் பட்டறைகள்ல போய் உக்காரணுங்க."